எவர்க்காக வழக்குரைப்பார்?

தேர்தல் நெருங்குந்தோறும் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர்களில் ஒரு காட்சி தவறாமல் நிகழ்கின்றது. நேற்றுவரை அறமன்ற வளாகத்தில் கருப்பங்கி அணிந்து நின்ற வழக்கறிஞர் ஒருவர், இன்று வெள்ளுடை உடுத்துக் கட்சித் துண்டைத் தோளிலிட்டு, வீடுதோறும் சென்று கைகூப்பி வாக்குக் கேட்கின்றார். செங்கல்பட்டும் இதற்கு விலக்கன்று. கொளவாய் ஏரிக்கரையில் அமைந்த இவ்வூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வழக்குகள் வந்து சேர்ந்த ஊர். செய்யூர் உழவனும் திருக்கழுக்குன்றத்துக் கடைக்காரனும் சதுரங்கப்பட்டினத்து மீனவனும் தத்தம் வழக்குக்கட்டைச் சுமந்துகொண்டு வந்திறங்கிய ஊர். இத்தகைய ஊரில் வழக்கறிஞர்க்கு மக்களிடை அறிமுகம் மிகுதி, பேச்சுத்திறன் மிகுதி, அரசியல் ஆர்வமும் மிகுதி. ஆதலின் அவர் வேட்பாளராவதில் வியப்பொன்றும் இல்லை.

அது தவறும் அன்று. சட்டம் இயற்றும் அவைக்குச் சட்டம் கற்றவர் செல்லுதல் பொருத்தமே. சட்டமறியாதார் மட்டும் கூடி அமர்ந்தால், அலுவலர் எழுதிக் கொடுத்ததற்குக் கைதூக்கும் கூட்டமாகவே அவை முடியும். ஆயினும், வாக்குக் கேட்டு வரும் வழக்கறிஞரை நோக்கித் தமிழ்மக்கள் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அவர் எவர்க்காக வழக்குரைப்பார் என்பதே அக்கேள்வி.

வழக்கறிஞர் தொழிலின் இயல்பை எண்ணிப்பார்த்தால் இக்கேள்வியின் கூர்மை விளங்கும். வழக்கறிஞர் தமக்காகப் பேசுபவர் அல்லர்; தம்மை அமர்த்தியவர்க்காகப் பேசுபவர். வக்காலத்து என்று அறமன்றத்தார் சொல்லும் உரிமையோலையில் எவர் கையெழுத்திட்டுக் கொடுக்கின்றாரோ, அவர் வழக்கே அவர் வழக்கு. வாக்குச்சீட்டும் அத்தகைய ஓர் உரிமையோலைதான். ஒரு தொகுதியின் மக்கள் அனைவரும் சேர்ந்து ஒருவர்க்கு எழுதிக் கொடுக்கும் வக்காலத்து அது. இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றே. அறமன்றத்தில் தம் வழக்கறிஞர் பிழைபட நடந்தால் நடுவிலேயே அவரை விலக்கி வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். சட்டமன்றத்தில் அது முடியாது. கொடுத்த ஓலையை ஐந்தாண்டு கழிந்தன்றி மீட்க இயலாது. எனவேதான் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டும் என்பது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டமே அளித்த சான்று ஒன்றுண்டு. பூந்தமல்லியை அடுத்த நசரேத்பேட்டையில் 1897இல் பிறந்தவர் மீ. பக்தவத்சலம். சென்னையில் சட்டம் பயின்று 1923இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். பேராயக் கட்சியில் சேர்ந்து நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டமன்றம் புகுந்து, இராசாசி அமைச்சரவையில் மன்றச் செயலராக விளங்கினார். 1946க்குப் பின் அமைச்சரானார். 1952இல் தோற்றார். 1957இலும் 1962இலும் திருப்பெரும்புதூரில் வென்றார். காமராசர் பதவி விலகியபின், 1963 அக்தோபர் 2ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரானார். ஒரு நாட்டுப்புற ஊரில் பிறந்த வழக்கறிஞர் ஒருவர் அடையக்கூடிய உயரம் அனைத்தையும் அவர் அடைந்தார். அவர் கல்வியும் ஆட்சிப் பட்டறிவும் எவரும் மறுக்கவியலாதவை. சிறை சென்ற ஈகமும் மறைக்கத்தக்கதன்று.

ஆயின் அவர் காலத்தில் தமிழ்மக்களின் வழக்கு ஒன்று எழுந்தது. 1965 சனவரி 26 முதல் இந்தியே நடுவணரசின் ஆட்சிமொழி என்னும் நிலை வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1964 சனவரி 25ஆம் நாள், கீழப்பழூர்ச் சின்னச்சாமி திருச்சித் தொடர்வண்டி நிலையத்தெதிரே தம் உடலைத் தீக்கு இரையாக்கித் தமிழர் நெஞ்சக் கொதிப்பை உலகுக்குக் காட்டினார். அதன் பின்னும் 1964 மார்ச்சு 7ஆம் நாள், சட்டமன்றத்திலேயே மும்மொழித் திட்டத்தைப் பரிந்துரைத்தார் முதலமைச்சர். 1965 சனவரியில் மாணவர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்தம் வழக்கைத் தில்லிக்கு எடுத்துரைக்க வேண்டியவர், தில்லியின் வழக்கை மாணவர்க்கு எடுத்துரைத்துக் கொண்டிருந்தார். சொல் பயனற்றபோது தடியும் துமுக்கியும் பேசின. சனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் துமுக்கிக் குண்டுக்கு இரையானான். அவனைத் தொடர்ந்து மாண்டோர் பலர்.

ஈண்டு ஒன்றை ஒப்புநோக்குதல் வேண்டும். அதே பிப்பிரவரித் திங்கள் 11ஆம் நாள், நடுவணமைச்சர் இருவர் இந்தித் திணிப்பை ஏற்கவியலாமல் தம் பதவி விலகல் மடலைக் கொடுத்தனர். ஒருவர் சி. சுப்பிரமணியம். மற்றவர் ஓ. வி. அளகேசன், 1962இல் செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். பின்னர் உறுதிமொழி பெற்று அவ்விருவரும் பதவியில் தொடர்ந்தனர் என்பது உண்மையே. எனினும், அம்மடல்கள் சென்ற நாளன்றே தலைமை அமைச்சர் இலால் பகதூர் சாத்திரி வானொலியில் ஆங்கிலம் தொடரும் என உறுதி கூற நேர்ந்தது. மாணவர் சிந்திய குருதியும் அமைச்சர் நீட்டிய மடலும் சேர்ந்தே அவ்வுறுதிமொழியைப் பெற்றன. ஒரே கட்சி, ஒரே மாவட்டம், ஒரே கிழமை. ஒருவர் நாற்காலியை வைத்து மக்கள் வழக்கை உரைத்தார். மற்றவர் நாற்காலியில் இருந்துகொண்டு எதிர்வழக்கை உரைத்தார்.

மக்கள் தீர்ப்பு 1967இல் வந்தது. முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம், தம் சொந்தத் தொகுதியாகிய திருப்பெரும்புதூரிலேயே தி.மு.க.வின் து. இராசரத்தினத்திடம் தோற்றார். விருதுநகரில் காமராசரே ஒரு மாணவத் தலைவரிடம் தோற்ற தேர்தல் அது. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் அத்தோல்விக்குத் துணை நின்றன என்பார் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் பசி மட்டுமே அத்தீர்ப்பை எழுதவில்லை. தாம் கொடுத்த உரிமையோலையை எதிராளியின் கையில் சேர்த்துவிட்டார் என்னும் சினமும் சேர்ந்தே எழுதியது.

இவ்வரலாற்றை இன்று நினைவூட்டுவது மறைந்த ஒருவரைப் பழித்தற்கன்று. திறமை வேறு, சார்பு வேறு என்பதைத் தெளிவித்தற்கே. திறமையற்ற வழக்கறிஞர் தம் கட்சிக்காரரை ஒரு வழக்கில் தோற்கடிப்பார். திறமைமிக்கவர் எதிர்ப்பக்கம் நின்றாலோ ஒரு தலைமுறையையே தோற்கடிப்பார்.

வேட்பாளரின் தகுதியை ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று. தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிக்கின்றன. அவ்வவை பார்ப்பனர்க்கு அளிக்கப்பெற்ற ஊரின் அவை. நிலமுடைமையும் மறைக்கல்வியும் தகுதிகளாகக் கேட்ட அவை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. ஆகவே அதனை மக்களாட்சியின் முழுவடிவம் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. ஆயின் அக்கல்வெட்டில் தகுதிகளைவிடத் தகுதியின்மைகளே இன்றைக்குப் பாடமாவன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் உறவினர் பெயரும் விழக்கூடாது. அண்மை மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவனும் ஆகான். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் கல்லில் வெட்டிய இவ்விலக்குகளை இன்றைய கட்சிகள் தாளில் எழுதவும் அஞ்சுகின்றன. தந்தை விட்ட இருக்கையை மகனும், கணவன் விட்ட இருக்கையை மனைவியும் நிரப்புவதே நடைமுறையாயிற்று.

இனி, ஒரு சட்டமன்ற இருக்கையால் தமிழுக்கு என்ன ஆகும் என்று சிலர் வினவுவர். ஆகக்கூடியது மிகுதி. ஒரு மாநிலத்தின் ஆட்சிமொழி இன்னதென உறுதிசெய்யும் உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 345ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கே தருகின்றது. அவ்வுரிமையைக் கொண்டே 1956ஆம் ஆண்டுத் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. அப்போது காமராசர் அமைச்சரவையில் இருந்து அதற்கு முன்னின்றவர் கோவையில் வழக்கறிஞராயிருந்த அதே சி. சுப்பிரமணியம் என்பதையும் மறத்தலாகாது. வழக்கறிஞரால் தீமை விளைந்தது போலவே நன்மையும் விளைந்துள்ளது.

கீழமை அறமன்றங்களின் மொழியும் மாநிலத்தின் கையிலேயே உள்ளது. உரிமையியல் வழக்குமுறைச் சட்டத்தின் 137ஆம் பிரிவும், 1973ஆம் ஆண்டுக் குற்ற வழக்குமுறைச் சட்டத்தின் 272ஆம் பிரிவும் அவ்வுரிமையை மாநில அரசுக்கு வழங்கின. ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976இல் செய்த திருத்தம், சான்றுரையும் தீர்ப்பும் தமிழில் அமைதற்கு வழி வகுத்தது. ஆயின் நடைமுறை என்ன? கூண்டில் ஏறி நிற்பவன் தமிழில் பேசுகின்றான். அவன் கட்டணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுகின்றார். தீர்ப்பு வந்த அன்று, தான் வென்றானா தோற்றானா என்பதை அவன் எழுத்தரிடம் கேட்டறிகின்றான். தன் நிலத்தின் எல்லையைத் தன் மொழியில் படித்தறியவியலாத உரிமையாளன் உலகில் வேறெங்கேனும் உளனோ?

இதனை மாற்ற இயலாதென்பார் வரலாறு அறியாதார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையான அறமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தார். கலைச்சொல் அகராதியும் தட்டச்சுப் பொறியும் இல்லாத காலத்தில், வெள்ளையன் ஆட்சியில், ஒற்றை மாந்தர் செய்த பணி அது. இன்று அத்தனை துணைகளும் இருந்தும் இயலாதென்பது மனமின்மையே அன்றி மொழியின்மை அன்று. தனித்தமிழ் இயக்கத்தை மறைமலையடிகள் 1916இல் தொடங்கியதும் இதே மண்ணைச் சேர்ந்த பல்லாவரத்திலேதான். அன்று ஏளனம் செய்தவர் பேரன்மாரே இன்று சட்டமன்றம், வேட்பாளர், வழக்கறிஞர் என்னும் சொற்களை இயல்பாக வழங்குகின்றனர்.

ஐகோர்ட்டு என மக்கள் சொல்லும் சென்னை உயர் அறமன்றத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 348ஆம் பிரிவு அங்கே ஆங்கிலத்தை நிறுத்துகின்றது. ஆயினும் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு ஆளுநர் மாநில மொழிக்கு இசைவளிக்கலாம் என்கின்றது. இவ்வழியே இராசசுத்தானத்தில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் உயர் அறமன்றங்களில் இந்தி நுழைந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2006 திசம்பரில் தமிழுக்கு அவ்வுரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லித் தலைமை அறமன்றத்தின் கருத்தைக் காட்டி நடுவணரசு அதனை மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று உரத்துக் கேட்கச் சட்டம் கற்ற நாவன்றோ வேண்டும்?

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களின் பெயர்களையும் எண்ணிப்பார்க்க. பாரதீய நியாய சங்கிதா, பாரதீய நாகரிக சுரட்சா சங்கிதா, பாரதீய சாட்சிய அதிநியம். சட்டத்தின் உடல் ஆங்கிலம். பெயர் மட்டும் வடசொல். தமிழ்நாட்டு வழக்கறிஞர் பலர் அறமன்றப் பணியைப் புறக்கணித்து இதனை எதிர்த்துப் போராடினர். அவர்தம் உணர்ச்சி பாராட்டத்தக்கது. ஆயின், பெயர் இந்தியாவதை எதிர்த்தவர், உள்ளுடல் தமிழாகாமையையும் எதிர்த்தால் அன்றோ போராட்டம் முழுமையாகும்?

சட்டமொழி ஏதோ புலவர்க்குரிய செய்தி என எண்ணுவார் மாமல்லபுரக் கடற்கரைக்குச் சென்று வருக. முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என நீளும் அக்கரையில் வாழ்வோர்க்கு, கடலுக்கு அடுத்தபடி வாழ்வை உறுதிசெய்வது சட்டமே. 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு வந்தது. கடல் ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கீழ் அடங்கிற்று. 2011இல் அது மாற்றி எழுதப்பட்டது. 2019இல் மீண்டும் மாற்றப்பட்டு, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடங்களுக்கான தடை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிற்று. கட்டுமரம் ஏற்றும் இடமும் வலை உலர்த்தும் மணலும் அந்த 150 மீட்டரில்தான் உள்ளன. விடுதி கட்டுவோர்க்கு அவ்வறிவிப்பைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர் உளர். மீனவர்க்குப் படித்துச் சொல்வார் எவர்?

இன்னும் காண்க. 1984இல் மாமல்லபுரச் சிற்பங்கள் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பெற்றன. தமிழர் அனைவர்க்கும் பெருமை. ஆயின் 2010ஆம் ஆண்டுத் தொல்லியல் திருத்தச் சட்டம், காக்கப்பெற்ற சின்னங்களைச் சூழ 100 மீட்டரில் புதுக்கட்டடத்தைத் தடுக்கின்றது. அதற்கப்பால் 200 மீட்டரில் இசைவு பெற வேண்டும் என்கின்றது. சின்னங்களைக் காத்தல் கடமையே. அச்சின்னங்களை ஒட்டிப் பல தலைமுறையாகக் குடியிருப்பவன், தன் வீட்டில் ஓர் அறை எழுப்புதற்கு எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தமிழில் அறிவித்தலும் கடமையன்றோ? தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் 1980களிலிருந்து இயங்குகின்றது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் தொடங்கப்பெற்றது. இவை ஒவ்வொன்றும் கரைவாழ் மக்களைத் தொடும் முடிவுகள். தில்லியிலோ சென்னையிலோ எழுதப்பட்டவை.

2020ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு முடிமணியான சான்று. பெருந்தொழில் தொடங்குமுன் சூழலுக்கு நேரும் கேட்டை மதிப்பிடும் விதிகளை மாற்ற நடுவணரசு வரைவொன்றை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டது. எம்மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் தில்லி உயர் அறமன்றம், பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் அதனை வெளியிடுமாறு ஆணையிட்டது. நடுவணரசு செய்தது என்ன? மொழிபெயர்ப்பதைவிட்டு, அவ்வாணையை எதிர்த்துத் தலைமை அறமன்றம் வரை சென்றது. மக்களைக் கருத்துக் கேட்பார். மக்கள் மொழியில் கேட்கமாட்டார்! இவ்வழக்கை எடுத்துச் செல்லவேண்டிய சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு கடற்கரைத் தொகுதியிலும் இருந்தனர். அவர்தம் குரல் எத்தனை பேர்க்குக் கேட்டது?

ஆதலின், செங்கல்பட்டிலோ திருப்போரூரிலோ செய்யூரிலோ மதுராந்தகத்திலோ, எக்கட்சி வழக்கறிஞர் வாக்குக் கேட்டு வந்தாலும், மக்கள் அவர்முன் வைக்க வேண்டிய வினாக்கள் நான்கு.

முதல் வினா: இதுகாறும் அறமன்றத்தில் தமிழில் ஒரு வழக்கேனும் எழுதி வாதிட்டதுண்டா? கீழமை அறமன்றத்தில் சட்டம் இடங்கொடுத்தும் செய்யாதவர், சட்டமன்றம் சென்று செய்வார் என நம்புதற்கு இடமில்லை.

இரண்டாம் வினா: வென்றபின் அங்கியைக் களைவாரா, வைத்துக்கொள்வாரா? சட்டமன்ற உறுப்பினர் வழக்கறிஞராகத் தொழில் செய்தற்குத் தடையில்லை எனத் தலைமை அறமன்றம் 2018 செபுதம்பரில் தீர்ப்பளித்துள்ளது. தடையில்லை என்பதால் தகும் என்றாகிவிடாது. காலையில் சட்டமன்றத்தில் மீனவர்க்காகவும் மாலையில் அறமன்றத்தில் விடுதி முதலாளிக்காகவும் பேசும் நா எவர்க்குரியது?

மூன்றாம் வினா: அவர் கட்சியின் மொழிக்கொள்கை யாது? 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற பத்தாம் அட்டவணை, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் இருக்கையைப் பறிக்கின்றது. வேட்பாளர் எத்துணைத் தமிழுணர்வுடையவராயினும், கட்சி கைகட்டினால் அவரும் கைகட்டி அமர்வார். அத்தகைய நேரத்தில் இருக்கையை விடுவாரா, கொள்கையை விடுவாரா என்பதை இப்போதே கேட்டறிதல் வேண்டும். 1965இல் செங்கல்பட்டு மாவட்டம் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளையும் கண்டது.

நான்காம் வினா: தம்மைத் தொடும் ஒவ்வொரு நடுவண் சட்ட வரைவையும் தமிழில் பெற்றுத் தொகுதி மக்கள்முன் படித்துக் காட்டுவேன் எனக் கையெழுத்திட்டு உறுதி தருவாரா? பணச் செலவில்லாத உறுதிமொழி இது. சாலை, பாலம் என்பவற்றுக்கு நிதி இல்லை என்று கைவிரிக்கலாம். படித்துக் காட்டுதற்கு நாவும் நேர்மையும் போதும்.

இந்நான்குக்கும் நேரிய விடை தருபவர் எவராயினும் அவரைத் தமிழ்மக்கள் தேர்க. அவர் சாதி யாதெனக் கேட்க வேண்டா. அவர் வந்த உந்துகள் எத்தனை என எண்ண வேண்டா. விடை தராது சிரித்து நகர்பவர் எத்துணைப் பெரிய வழக்கறிஞராயினும் அவரை அவர் தொழிலுக்கே திருப்பியனுப்புக. கைக்கு வரும் பணத்துக்கும் புடைவைக்கும் உரிமையோலையில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு எதிராளியின் வழக்கை அவர் உரைக்கின்றாரே என்று ஐந்தாண்டு புலம்புவதில் பயனில்லை.

வழக்கறிஞர்களுள் தமிழுணர்வும் அறத்துணிவும் உடையோர் இல்லாமற் போகவில்லை. ஏழைக்கு ஊதியமின்றி வாதாடுவோரும், தமிழில் மனு எழுதி ஏளனத்தைத் தாங்குவோரும் செங்கல்பட்டு மண்ணிலும் உளர். அத்தகையோர் தேர்தலில் நிற்கத் தயங்குதலாகாது. நின்றால் மக்கள் அவரைக் கைவிடுதலும் ஆகாது. சட்டத்தைக் கற்றவர் மக்கள் பக்கம் நின்றால், மக்களின் மொழியே சட்டத்தின் மொழியாகும் நாள் தொலைவில் இல்லை. அந்நாள்வரை, வாக்குக் கேட்டு வாயிலில் நிற்கும் ஒவ்வொரு கருப்பங்கியரையும் தமிழன் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்: ஐயா, நீவிர் எவர்க்காக வழக்குரைப்பீர்?